வாக்கியத்தின் வாலை வெட்டும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'எங்கள் பகுதி' என்று ஒரு ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, பசை, கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தின் படம் எல்லாம் ஹால் முழுக்கப் பரவிக் கிடந்தன. நடுவில் குண்டு குண்டாக, நல்ல கையெழுத்தில் இரண்டு வரி: "இந்தத் தெருவில் நெசவாளர்கள் வாழ்ந்தார்கள். அதனால்தான் இந்தப் பெயர் வந்தது."

"இது எங்கேர்ந்து எடுத்தே?" என்று கேட்டேன்.

"நீ எழுதினதுதாம்பா. அப்படியே போட்டுட்டேன்."

உண்மைதான், நான் எழுதியதுதான். ஆனால் நான் அப்படியா எழுதினேன்? பழைய வரைவைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி, எதையும் டிஃப் போட்டுப் பார்க்காமல் விடாது. முதல் வரைவில் இருந்தது இது: "இந்தத் தெருவில் ஒரு காலத்தில் நெசவாளர்கள் இருந்தார்களாம், பெயர் அதனால் வந்திருக்கலாம் என்று எங்கள் ஃப்ளாட்டில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்."

இரவு பத்தே முக்காலுக்கு, மறுநாள் காலை ஆறரைக்கு ஸ்கூல் வேன் என்ற நினைப்போடு, அவசரமாகத் திருத்தியிருக்கிறேன். வாக்கியம் இழுக்கிறது என்று தோன்றியிருக்கும். 'இருந்தார்களாம்' 'வாழ்ந்தார்கள்' ஆகிவிட்டது. 'வந்திருக்கலாம்' 'வந்தது' ஆகிவிட்டது. பெரியவர் காணாமல் போய்விட்டார். வாக்கியம் தெளிவாகிவிட்டது. கூடவே, ஒருவர் வாய்வழியாகச் சொன்ன யூகம் வரலாறாகிவிட்டது. இப்போது அது என் மகளின் கையெழுத்தில் இருக்கிறது. (தெருவின் பெயரை இங்கே சொல்லவில்லை. அதே தகவலை இன்னொரு முறை பரப்ப எனக்கு விருப்பமில்லை.)

நேரமில்லாதவர்கள் தங்கள் எழுத்தை எப்படித் திருத்துவது என்பது பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா அறிவுரையும் கடைசியில் ஒரே சொல்லில் வந்து நிற்கும்: வெட்டு. இரண்டு வாக்கியத்தில் சொல்வதை ஒன்றில் சொல், பத்து வார்த்தையை ஆறாக்கு. நானும் இதை நம்பித்தான் பல வருஷம் எழுதினேன். சார்ட் பேப்பர் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு அந்த அறிவுரை மேல், குறிப்பாக அதைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவதன் மேல், ஒரு விமர்சனம் இருக்கிறது.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். அதன் விளைவை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. ஒரு செய்தி எனக்கு எப்படித் தெரியும், எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதையும் பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான் சொல்கிறோம். 'வந்தார்' என்றால் எனக்குத் தெரியும். 'வந்தாராம்' என்றால் யாரோ சொன்னார்கள். 'வந்திருக்கலாம்' என்றால் ஊகம். 'வந்திருக்க வேண்டும்' என்றால் தடயத்தை வைத்துச் சொல்கிறேன். 'வந்தார் போலும்', 'வந்தார் என்பர்' என்று இன்னும் இருக்கின்றன. 'ஒருவேளை' மாதிரிச் சொற்கள் முன்னால் வரலாம். ஆனால் கனமெல்லாம் வாலில்தான். ஓர் 'ஆம்' போதும், பொறுப்பு வேறொருவருக்கு மாறிவிடும். பாட்டிகள் கதை சொல்லும்போது 'ஒரு ராஜா இருந்தாராம்' என்பது இந்த நேர்மைதான். அவர்கள் அந்த ராஜாவைப் பார்த்ததில்லை.

தமிழ் உரைநடையின் கொழுப்பு சேரும் இடமும் அதே வால்தான் என்பதுதான் சிக்கல். 'என்பது குறிப்பிடத்தக்கது.' 'என்றால் அது மிகையாகாது.' 'என்பது அனைவரும் அறிந்ததே.' 'என்பதில் ஐயமில்லை.' (இந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் ஐயம் இருக்கும் இடத்தில்தான் வந்து உட்காருவார்.) இவற்றை வெட்டினால் வாக்கியத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெட்டத்தான் வேண்டும்.

ஆக, கொழுப்பும் சாட்சியும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உருவத்தில் இருக்கின்றன. 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்று ஒருவர் சொன்னார்' இரண்டும் 'என்' என்று தொடங்கும் வால்கள். தூக்கக் கலக்கத்தில் கத்தரி எடுத்தவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வேகமாகத் திருத்துபவன் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பழைய கோடில், எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் ஓர் 'இஃப்' இருக்கும். தேவையில்லாதது போலத் தெரியும். புதிதாக வந்த பையன் சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்துவிடுவான். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும். மூன்று மாதம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, யாருக்கோ ஃபோன் வரும்.

"அப்படியானால் சுருக்கமே தப்பா? அசோகமித்திரன் என்ன செய்தார்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் 'வெட்டு' கட்சிக்காரர்கள் தமிழில் முதலில் காட்டும் ஆள் அவர்தான்.

1952-ல் செகந்திராபாத்திலிருந்து சென்னை வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் 1966 வரை வேலை பார்த்து, பிறகு எழுத்தை நம்பியே குடும்பம் நடத்தியவர். மூன்று பையன்கள். பல வருஷம் 'கணையாழி'யின் ஆசிரியர் பொறுப்பு வேறு. வீட்டில் இடம் போதாமல் பூங்காவில் உட்கார்ந்து எழுதுவாராம், தி.நகர் நடேசன் பூங்காவாம். (அந்த இரண்டு 'ஆம்'களையும் இந்த முறை வெட்டப்போவதில்லை. நான் பார்க்கவில்லை, படித்ததும் கேட்டதும்தான்.) எப்படிப் பார்த்தாலும், நம்மில் பலருக்கு இருக்கும் அளவுக்குக்கூட வசதியாக மேஜையும் தனிமையும் வாய்க்காத ஓர் அப்பா.

அவருடைய வாக்கியங்கள் சின்னவை. அலங்காரம் கிடையாது. சரி, ஆனால் அவர் எதை வெட்டினார் என்று பார்க்க வேண்டும். 'புலிக்கலைஞன்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சினிமா ஸ்டுடியோவின் அலுவலகத்துக்குக் காதர் என்பவர் வேலை கேட்டு வருகிறார். புலிவேஷக்காரர். அந்த அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறார். பார்த்தவர்கள் ஆடிப்போகிறார்கள், ஆனால் அப்போது கொடுக்க வேலை இல்லை. பிறகு ஒரு வாய்ப்பு வரும்போது கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தக் கதையில் எது இல்லை? 'ஐயோ பாவம்' இல்லை. கலைஞனைச் சமூகம் கைவிட்டது என்ற பிரசங்கம் இல்லை. வாசகர் என்ன உணர வேண்டும் என்று சொல்லும் ஒரு வரியும் இல்லை. எது இருக்கிறது? தெரியாமை இருக்கிறது. காதர் என்ன ஆனார் என்று சொல்கிறவருக்குத் தெரியாது. தெரியாததை அவர் நிரப்பவில்லை. சுலபமாக நிரப்பியிருக்கலாம், நமக்கும் ஒரு திருப்தி கிடைத்திருக்கும்.

'தண்ணீர்' நாவலிலும் இதே கதைதான். ஜமுனாவும் சாயாவும் இருக்கும் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். தண்ணீர் எதற்குக் குறியீடு என்று ஆசிரியர் எங்கேயும் நின்று விளக்குவதில்லை. அது வாசகருக்கு விட்ட வேலை.

ஆகவே அசோகமித்திரனின் சுருக்கத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அவர் வெட்டியது உணர்ச்சியைப் பற்றிய அறிவிப்புகளை. விட்டுவைத்தது, தனக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் இருக்கும் கோட்டை. நாம் அவரைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நேர் எதிராகச் செய்கிறோம். 'நெஞ்சை உருக்கும்', 'வியக்க வைக்கும்' எல்லாம் பத்திரமாக இருக்கும், 'இருக்கலாம்' போய்விடும்.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ரேமண்ட் கார்வரும் நேரமில்லாத அப்பாதான். இளம் வயதிலேயே இரண்டு குழந்தைகள். சலவைக் கடையில் டிரையர் காலியாகக் காத்திருந்த ஒரு நாளைப் பற்றி ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஒரே அமர்வில் முடிக்கக்கூடியதைத்தான் எழுத முடிந்தது, அதனால்தான் நாவல் இல்லை, சிறுகதையும் கவிதையும் என்பது அவர் வாதம். அவருடைய 1981 தொகுப்பை எடிட்டர் கார்டன் லிஷ் வெட்டிய வெட்டு பிரசித்தம். சில கதைகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. புத்தகத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சி கார்வர் கடிதமே எழுதினார். பலிக்கவில்லை. அதில் ஒரு கதையில் விபத்தில் அடிபட்ட பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கார்வரின் முழு வடிவத்தில் பையன் இறந்துபோகிறான்; அப்பா அம்மா ஒரு பேக்கரிக்காரர் எதிரில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் ரொட்டியைச் சாப்பிடுகிறார்கள். லிஷ் வெட்டிய வடிவம் பையன் என்ன ஆனான் என்று சொல்லாமலேயே ஒரு ஃபோன் அழைப்பில் நின்றுவிடுகிறது.

இரண்டு கதையிலும் 'என்ன ஆயிற்று என்று தெரியவில்லை' இருக்கிறது. ஆனால் காதர் விஷயத்தில் அது உண்மையான தெரியாமை. லிஷ் விஷயத்தில் எழுதியவருக்குத் தெரியும், கத்தரி மறைத்துவிட்டது. வெட்டினால் தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டலாம், தெரிந்ததைத் தெரியாதது போலவும் காட்டலாம். இரண்டுக்கும் பக்கத்தில் 'கச்சிதம்' என்று பாராட்டும் கிடைக்கும். லிஷ் வடிவத்துக்கும் ரசிகர்கள் உண்டு, அது மோசமான கதை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அது கார்வர் சொல்லவந்த விஷயம் இல்லை. அவருடைய மூல வடிவங்கள் 2009-ல்தான் தனிப் புத்தகமாக வந்தன. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1988-ல், அவர் இறந்துவிட்டார்.

சரி, வெட்டாமல் வைப்பது எப்படி? அதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1943-ல் தொடங்கி, இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் ஒரு நூலகத்துக்கு அவர் பெயர்தான்: டாக்டர் உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சீவக சிந்தாமணியை ஆராய்ந்து 1887-ல் பதிப்பித்தவர். அச்சு வேலை சென்னையில். விடுமுறைகளில் இங்கே வந்து புரூஃப் பார்த்தார். அவருக்கும் நேரம் சும்மா கிடைக்கவில்லை.

சுவடிக்குச் சுவடி பாடம் மாறும். செல்லரித்துப்போன இடம் இருக்கும். சரியாகத் தோன்றும் ஒன்றை மட்டும் அச்சிட்டுவிட்டுப் போயிருந்தால் பக்கம் சுத்தமாக இருந்திருக்கும், வேலையும் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், மற்றதைப் பிரதிபேதம் என்று அடியில் கொடுத்தார். சமண நூலின் நுட்பம் புரியாதபோது கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடமே போய்க் கேட்டார், கேட்டதை மறைக்கவும் இல்லை. அடுத்து வருகிறவர் தன்னோடு வாதம் செய்யத் தேவையான பொருளை அவரே அடிக்குறிப்பில் வைத்துவிட்டுப் போனார். தமிழில் 'பதிப்பாசிரியர்' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் இப்படிப்பட்ட ஆள்தான். வெட்டுகிறவர் என்ற அர்த்தம் பின்னால் வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமானதும்கூட. இதெல்லாம் பெரிய மனிதர்கள், பெரிய வேலைகள். 'க்ரியா' ராமகிருஷ்ணன் போன்ற ஒருவர் ஒரு கையெழுத்துப் பிரதியோடு மாதக் கணக்கில் உட்காருவார். அவருடைய தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் வந்தது, விரித்த பதிப்பு 2008-ல், மூன்றாம் பதிப்பு அவர் இறந்த 2020-ல். முதல் பதிப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 28 வருஷம். எனக்கு இருப்பது 28 நிமிஷம். மகள் தூங்கிய பிறகு, நான் தூங்குவதற்கு முன்.

28 நிமிஷத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஆனால் எதை முதலில் செய்வது என்று மாற்றிக்கொள்ளலாம். நான் முன்பெல்லாம் சந்திப்பிழையில்தான் தொடங்குவேன். க் வருமா, ப் வருமா, ஒற்று மிகுமா என்று பாதி நேரம் அதிலேயே போய்விடும். இப்போது அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஒரு காரணம் உண்டு. சந்திப்பிழை விட்டால் வாசகர் கண்டுபிடித்து எழுதிவிடுவார், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட. காணாமல் போன ஓர் 'இருக்கலாம்' எந்த வாசகர் கண்ணிலும் படாது. இருந்த தடமே இருக்காது. வாசகரால் பிடிக்க முடியாத தவறைத்தான் எழுதியவன் முதலில் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் பத்து நிமிஷம் வால்களை மட்டும் படிக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி இரண்டு மூன்று சொற்கள். 'குறிப்பிடத்தக்கது' வகையறா என்றால் யோசிக்காமல் வெட்டு. 'ஆம்', 'லாம்', 'சொன்னார்' என்றால் நிறுத்தி ஒரே கேள்வி: இதை எனக்கு யார் சொன்னது? பதில் இருந்தால் அந்த ஆளை வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிடு. பதில் இல்லையென்றால் 'ஆம்' அங்கேயே இருக்கட்டும்.

அடுத்த பத்து நிமிஷம் பெயரெச்சங்களுக்கு. "நேற்று ஊரிலிருந்து வந்த நண்பரின் மகன்" என்று எழுதினால் வந்தது நண்பரா, மகனா? எழுதியவனுக்குத் தெரியும் என்பதால் அவன் கண்ணில் இது படவே படாது. சத்தமாகப் படித்தால் படும். வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தால் முணுமுணுத்தாவது படிக்க வேண்டும். 'செய்து', 'போய்', 'வந்து' என்று எச்சங்கள் நாலைந்து சேர்ந்து ரயில் மாதிரி நீண்டால், நடுவில் ஒரு முற்றுப்புள்ளி. மிச்சமிருக்கும் எட்டு நிமிஷம் ஒற்றுக்கும் எழுத்துக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கட்சியே ஒரு சாக்காகிவிடும். எல்லா 'லாம்'களும் நேர்மை இல்லை. 'இது ஒரு முக்கியமான படைப்பு என்று சொல்லலாம் போலத் தோன்றுகிறது' என்று எழுதுகிறவர் உலகத்தைப் பற்றிச் சந்தேகப்படவில்லை. வாசகர் திட்டுவாரோ என்று பயப்படுகிறார். தெருவின் பெயரைப் பற்றி எனக்கு இருந்தது சந்தேகம், அது இருக்க வேண்டும். ஒரு கதை எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதில் எனக்கு என்ன சந்தேகம்? அந்த வாலை வெட்டலாம். அசோகமித்திரன் சுருக்கத்தை நான் எதிர்க் கட்சியாகப் பார்க்காததற்கும் இதுதான் காரணம்: பயத்தால் வரும் வால் அவரிடம் கிடையாது.

இதையெல்லாம் எழுதி முடித்து என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவளும் வேலைக்குப் போகிறவள். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த இருபத்தெட்டு நிமிஷம் எங்கேர்ந்து வருது? நீ மேஜைல உக்காந்திருக்கறப்ப டிஃபன் பாக்ஸ் கழுவறது யாரு?" பூங்காவுக்குப் போய் எழுதிய அப்பாவைப் பற்றி நாலு பத்தி எழுதினேன். அவர் பூங்காவில் இருந்த நேரத்தில் மூன்று பையன்களையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வெட்டியது இல்லை, தோன்றவே இல்லை. டிஃப் போட்டாலும் இது தெரியாது. வாரத்தில் மூன்று நாள் டிஃபன் பாக்ஸ் இப்போது என் பங்கு. கட்டுரை தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

தெருவைப் பற்றிய பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். பெரியவரும் அவருடைய 'லாம்'மும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சார்ட் பேப்பரைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து 'வாழ்ந்தார்கள்' என்பதில் கடைசி 'ள்'-ஐ 'ளா' ஆக்கி, பக்கத்தில் நெருக்கி ஒரு 'ம்' சேர்த்தாள். அடுத்த வரியில் 'வந்தது' என்பதை அடித்துவிட்டு மேலே 'வந்திருக்கலாம்' என்று எழுதினாள். அதோடு சண்டை போட்டுக்கொண்டு முன்னால் இருந்த 'அதனால்தான்' அப்படியே நின்றது. நான் சொல்லவில்லை. அவளே பார்த்து, 'தான்'-ஐயும் அடித்தாள்.

"அடிச்சு எழுதினா டீச்சர் மார்க் குறைப்பாங்களாப்பா?"

"குறைக்கலாம்" என்றேன்.